பாசியில் மாட்டாத தூண்டில்: விற்பவர் அறிந்திருக்க வேண்டியவை



தீபாவளி முடிந்ததும் நமது ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரக் கடைவீதிகளில் வியாபாரம் சற்று மந்தமாவது வழக்கம். பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். மழை நாட்களில் சரக்கு காய வெயில் இருக்காது, வேலையும் குறையும். அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் கண் திறந்தால் நமது கண்மாய்களுக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் வந்தால் தூண்டிலுக்குக் கேள்வி வரும். ஒரு தொழிலின் ஓய்வுக் காலம் இன்னொரு சரக்கின் பருவமாக அமைவது நம் வட்டாரத்தின் தனித்தன்மை.

முன்பெல்லாம் தூண்டில் வியாபாரம் என்றால் நைலான் நரம்பு, தக்கை, ஈயக் குண்டு, முள் ஆகிய நான்கோடு முடிந்துவிடும். இன்றைய இளைஞர்கள் ராடு, ரீல், 'ஃபிராக்', 'ஜிக்' என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அவற்றிலும் 'வீட்லெஸ்' இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேட்பவருக்குப் பெயர் தெரிகிறது. எது தன் ஊர்க் கண்மாய்க்குப் பொருந்தும் என்பது தெரிவதில்லை. கொடுக்கும் நமக்கும் தெரியாவிட்டால் முதல் விற்பனையே கடைசி விற்பனையாகிவிடும். எனவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சரக்கின் பிறப்பும் நம் ஊர் மீனும்

'வீட்லெஸ் ஜிக்' என்பது அமெரிக்காவில் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்கப் பெருவழக்கில் உள்ள தூண்டில். அந்த மீன் நமது கண்மாய்களில் கிடையாது. ஆனால் அது வாழும் விதத்தில் வாழ்கிற மீன் நம்மிடம் உண்டு. அதுதான் விரால். இரண்டுமே செடி கொடிகளின் நிழலில் பதுங்கியிருந்து, அருகில் வரும் இரையைப் பாய்ந்து பிடிப்பவை.

விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். ஆதலால் மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் பாசி மண்டிய தண்ணீரிலும் அது சுகமாக இருக்கும். ஆகாயத்தாமரை, அல்லி, கோரை, சம்பு, வேலம்பாசி, தண்ணீரில் நிற்கும் கருவேலஞ்செடி ஆகியவையே அதன் இருப்பிடம். சாதாரண முள்ளை அங்கே வீசினால் மீனுக்கு முன் பாசி மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வீச்சுக்கும் முள்ளைச் சுத்தம் செய்து கொண்டிருந்தால் மீன் பிடித்தாற்போலத்தான். இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததே பாசியில் மாட்டாத தூண்டில்.

கட்லா, ரோகு, மிர்கால் முதலிய வளர்ப்புக் கெண்டைகள் ஜிக்கைக் கடிப்பது அபூர்வம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கெண்டை பிடிக்கப் போகிறேன் என்று சொல்பவருக்கு மாவு உருண்டை கோக்கும் சிறு முள்ளைக் கொடுப்பதே நேர்மை. விலை கூடிய சரக்கைத் தலையில் கட்டினால் அன்றைய கல்லா நிறையும். மறுவாரம் அந்த ஆள் கடைப் பக்கம் வர மாட்டார்.

மூன்று வகை, மூன்று இடம்

பாசியில் மாட்டாத தூண்டில்களில் பல நூறு மாதிரிகள் இருந்தாலும் அடிப்படை மூன்றுதான்.

முதலாவது, ரப்பர் தவளை. உள்ளே கூடாக இருக்கும் மெல்லிய ரப்பர் உடல். அதன் முதுகை ஒட்டி மேல்நோக்கி இரண்டு முள். உடலோடு முள் நுனி ஒட்டியிருப்பதால் இலை மேல் இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு வரும். மீன் கடித்தவுடன் உடல் நசுங்கி முள் வெளியே வரும். ஆகாயத்தாமரையும் அல்லி இலையும் மூடிக் கிடக்கும் இடத்துக்கு இதுவே பொருத்தம். விராலுக்கு உயிர்த் தவளையை முள்ளில் கோத்துப் போடுவது பழைய வழக்கம். வயலில் பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவும் உயிர் தவளை. அதன் கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-ல் தடை செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். ரப்பர் தவளை விற்கும் ஒவ்வொரு முறையும் சில உயிர்த் தவளைகள் பிழைக்கின்றன.

இரண்டாவது, காப்பு வைத்த ஜிக். முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்துத் தலையாக்கி, அதைச் சுற்றி ரப்பர் குஞ்சம் கட்டியிருப்பார்கள். தலையிலிருந்து முள் நுனியை நோக்கிச் சிறு தூரிகை போல நார்க் காப்பு நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் நாருக்குப் பதில் மெல்லிய கம்பி இருக்கும். இது தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்வது. கோரைத் தண்டுகளுக்கு இடையிலும், மூழ்கிய கருவேலங்கிளைகளின் ஓரத்திலும் நேராக இறக்கி, மெல்லத் துள்ள விட்டு எடுக்க வேண்டும்.

மூன்றாவது, முள் நுனியை ரப்பர் புழுவின் உடலுக்குள்ளேயே ஒளித்து வைப்பது. இங்கே புழுவே காப்பு. வேலம்பாசி போலத் தண்ணீருக்கு அடியில் வளர்ந்து, மேலே ஒரு சாண் மட்டும் தண்ணீர் தெளிந்திருக்கும் இடத்தில், ஈயம் இல்லாமல் அல்லது மிகக் குறைந்த ஈயத்தோடு இதை இழுக்கலாம்.

நூல் போன்ற வழுவழுப்பான பாசி நிறைந்த இடத்தில் எந்தக் காப்பும் முழுப் பயன் தராது. அது காப்பையே சுற்றிக்கொள்ளும். இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காப்பின் இரகசியம்

இந்தச் சரக்கில் நாம் முக்கியமாக வலியுறுத்த விரும்புவது ஒன்றே. காப்பு பாசியைத் தடுக்க வேண்டும். மீனைத் தடுக்கக் கூடாது. பாசியின் உரசலைத் தாங்கி நின்று, மீன் வாய் மூடியதும் மடங்கிக் கொடுப்பதே நல்ல காப்பு. விறைப்பாக இருந்தால் பாசி மாட்டாது, மீனும் மாட்டாது. தளர்வாக இருந்தால் மீனுக்கு முன் பாசி மாட்டும்.

சோதிப்பது எளிது. கட்டை விரலை நார் நுனியில் வைத்து முள்ளை நோக்கி மெல்ல அழுத்துங்கள். சிறு அழுத்தத்தில் எதிர்த்து நின்று, சற்றுக் கூட்டியதும் மடங்கி முள் நுனி விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். விரல் வலிக்கும் வரை மடங்கவில்லையானால் அதை அப்படியே விற்க வேண்டாம். நார்களில் சிலவற்றை அடியோடு கத்தரித்தால் விறைப்புக் குறையும். நார் நுனி முள் நுனியைச் சற்றே தாண்டியிருந்தால் போதும். அதிகம் நீண்டிருந்தால் வெட்டிவிடலாம். நார்களை விசிறி போல இருபுறமும் விரித்துவிட்டால் பக்கவாட்டுக் கிளைகளிலிருந்தும் முள் தப்பும்.

ரப்பர் தவளைக்கும் இதே சோதனைதான். இரு விரலால் உடலை அழுத்தினால் இரண்டு முள் நுனியும் தெளிவாக வெளியே தெரிய வேண்டும். கல் போல இருக்கும் தவளை அலமாரியில் அழகாக இருக்கலாம்; கண்மாயில் பயன்படாது.

தலை, முள், நரம்பு

ஜிக்கின் தலை வடிவத்தையும் கவனிக்க வேண்டும். பாசிக்குள் போகும் தலை கூம்பு போல முன்புறம் ஒடுங்கியிருந்தால் செடியை விலக்கிக்கொண்டு வரும். நரம்பு கட்டும் காதும் மூக்கை ஒட்டி இருக்க வேண்டும். உருண்டையாக, அகலமாக இருக்கும் தலை கல், பாறை கிடக்கும் தரைக்கு ஏற்றது. பாசியில் அது குப்பையை வாரிக்கொண்டு வரும்.

எடை பெரும்பாலும் அவுன்ஸ் கணக்கில் அச்சிட்டு வரும். கால் அவுன்ஸ் என்பது சுமார் 7 கிராம். அரை அவுன்ஸ் சுமார் 14 கிராம். ஆழம் குறைந்த நமது கண்மாய்களுக்குக் கால் அவுன்ஸ் போதும். அடர்ந்த கோரையைத் துளைத்து இறங்க வேண்டுமானால் அரை அவுன்ஸ் தேவைப்படும். வைப்பாற்றின் குறுக்கே உள்ள வெம்பக்கோட்டை அணை போன்ற ஆழமான நீர்த்தேக்கத்துக்குப் போகிறவருக்கு இரண்டையும் கொடுக்கலாம்.

முள்ளின் எண்ணில் பலர் குழம்புவார்கள். 1, 2, 4, 6 என்று எண் கூடக் கூட முள் சிறுக்கும். 1/0, 2/0, 3/0 என்று சுழியத்தோடு வந்தால் எண் கூடக் கூட முள் பெருகும். விராலுக்கு 2/0 முதல் 4/0 வரை வைத்திருந்தால் தேவை தீரும். விராலின் வாய் எலும்பும் பல்லும் கொண்டது. ஆதலால் முள் கனமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். நகத்தின் மேல் முள் நுனியை மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொண்ணை, நகத்தில் பிடித்து நின்றால் கூர்மை.

நரம்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மாட்டிய விரால் நேரே பாசிக்குள் பாய்ந்து சுற்றிக்கொள்ளும். மீனோடு பாசியையும் சேர்த்து இழுக்கும் வலு வேண்டும். 30 முதல் 50 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நரம்பே இதற்கு ஏற்றது.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை

ரப்பர் தவளையில் தண்ணீர் தெறித்தவுடன் வெட்டி இழுப்பதுதான் புதியவர்கள் செய்வது. அப்படி இழுத்தால் தவளை மட்டும் வெறுமனே திரும்பி வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நரம்பில் மீனின் கனம் தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். காப்பு வைத்த ஜிக்கில் இதற்கு நேர்மாறு. மீன் தட்டியது தெரிந்த கணமே பலமாக இழுத்தால்தான் நார் மடங்கி முள் பதியும். இந்த இரண்டு வாக்கியங்களைக் கல்லாவில் நின்றபடியே சொல்லிவிடலாம். சொல்லிக் கொடுத்த கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

மழைக் காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதைக் கண்டால் தாய் விரால் அடியில் காவல் நிற்கிறது என்று பொருள். அங்கே தூண்டில் போட்டால் எளிதில் மாட்டும். ஆனால் குஞ்சு முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகும். அடுத்த ஆண்டு மீன் இருந்தால்தான் அடுத்த ஆண்டு தூண்டில் விற்கும். இதையும் நாம் எடுத்துச் சொல்வது நல்லது.

கண்மாய் மீன்பாசி குத்தகை பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். குத்தகைதாரரின் அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால் தகராறுதான் மிஞ்சும். வெடி போட்டு மீன் பிடிப்பதையும், தண்ணீரில் நஞ்சு கலப்பதையும் 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மருந்து என்ன செய்யும் என்பதை நம் வட்டாரத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேடிக்கைக்காக அந்த வழியில் இறங்கும் இளைஞரைத் தடுத்து நிறுத்தும் உரிமை கடைக்கார அண்ணாச்சிக்கு உண்டு, கடமையும் உண்டு.

மண் அள்ளிய குழிகள் கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் தெரியாது. மாட்டிய தூண்டிலை எடுக்க இறங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. ஒரு ஜிக் போனால் போகட்டும், தண்ணீரில் இறங்காதே என்று சிறுவர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கார்பன் ராடு மின்சாரம் பாயக் கூடியது. மின்கம்பிக்கு அடியிலும் இடி மின்னலிலும் அதைத் தூக்கக் கூடாது.

சரக்கை வைக்கும் முறை

முதல் பருவத்தில் தவளை இரண்டு நிறம், கால் மற்றும் அரை அவுன்ஸ் ஜிக், ரப்பர் புழு ஒரு அளவு, பின்னல் நரம்பு இரண்டு பலம் என்று சிறிதாகத் தொடங்குவதே புத்திசாலித்தனம். மழை பொய்த்தால் சரக்கு தேங்கும் வியாபாரம் இது. கருப்பு, பச்சை நிறங்கள் கலங்கல் தண்ணீரிலும் செடி நிழலிலும் நன்றாக எடுபடும்.

ரப்பர் புழுக்களை அவை வந்த உறையிலேயே வையுங்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினால் சில வகைகள் டப்பாவோடு உருகி ஒட்டிக்கொள்ளும். முள்ளுக்கு ஈரமும் ரப்பருக்கு வெயிலும் பகை. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. நீர்ப்பறவைகளுக்கு நஞ்சாகிறது என்று பிரிட்டன் 1987-லேயே சிறு ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடுத்துவிட்டது. ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் தலை வைத்த ஜிக்குகளும் வருகின்றன, விலை கூடுதல்.

வெளிநாட்டுச் சரக்கானால் உறையின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி அவை கட்டாயம். ராடு, முள் முதலிய தூண்டில் சாமான்கள் வரி அட்டவணையில் 9507 என்ற தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்பின் கீழ் அப்போதைய வரி விகிதத்தைக் கணக்கரிடம் சரிபார்த்துப் பில் போட வேண்டும்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த பிறகே இங்கே அதைத் தொடங்கினார்கள். சரக்கைக் கற்ற பின் விற்பது என்பது அன்றிலிருந்து நம் மண்ணில் உள்ள பழக்கம். ஐம்பது ரூபாய் முள்ளானாலும் ஐயாயிரம் ரூபாய் ராடானாலும் அந்தப் பழக்கம் ஒன்றே. இந்தப் பருவத்தில் மழை பொழிந்து, கண்மாய் பெருகி, நமது கடைகளிலும் வியாபாரம் செழிக்க வாழ்த்துகிறோம்.