கோழியைத் தூக்கியது பக்கத்து வீட்டுப் பூனையா?

கோலார் தங்கவயலில் 2001-ம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழர்களில் ஏராளமானோர் மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். லைன் வீட்டுக் கொல்லையில் நாலு நாட்டுக்கோழி இருந்தால், முட்டைக் காசு பெண்களின் கைச்செலவுக்கு ஆகும். அதில் ஒன்று காணாமல் போனால் பழி முதலில் விழுவது பக்கத்து வீட்டுப் பூனையின் மீதுதான். வாய்ச்சண்டை முற்றி, சோற்றில் விஷம் வைப்பது வரை போய்விடுவதும் உண்டு.

ஆனால் வளர்ந்த கோழியை வீட்டுப் பூனை அடிப்பது அபூர்வம். அதன் கண் குஞ்சுகள் மீதுதான்.

பகலா, இரவா?

பட்டப்பகலில் கழுத்தும் தலையும் கடிபட்டுக் கோழி கிடந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். மரநாய் இரவில் வரும். அதுவும் கூரை வழியாக. கீழே எவ்வளவு பலமாக அடைத்தாலும், மேலே ஒரு ஓடு விலகியிருந்தால் அதற்குப் போதும். தெரு நாய்களோ கூட்டமாக வந்து, பலகையைப் பிய்த்து, ஐந்தாறு கோழிகளைக் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமலே போய்விடும்.

பகலில் குஞ்சு மட்டும் சுவடில்லாமல் குறைந்தால் பருந்து அல்லது காகம். இரவில் குறைந்தால் அக்கம்பக்கத்தில் பெருச்சாளி வளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரி முட்டையை உடைத்துத் தின்பதால் ஓடு சிதறிக் கிடக்கும். ஓடுகூட இல்லாவிட்டால் பாம்பு விழுங்கியிருக்கலாம். கூண்டுக்குள் கையை விடுமுன் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது உயிருக்கு நல்லது!

சாம்பலில் கால் தடம்

சந்தேகம் தீராவிட்டால், கூண்டைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவி வைக்கலாம். காலையில் நான்கு விரலும் நகமும் பதிந்திருந்தால் நாய். நான்கு விரல் பதிந்து நகம் பதியாவிட்டால் பூனை; அது நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும். கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல்.

கீரி என்றால் கம்பி வலையை ஒரு அடி ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும். மரநாய் என்றால் அந்தச் செலவு வீண். கூரைச் சந்தை அடைக்க வேண்டும். இரண்டும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பொறி வைத்துப் பிடிப்பதும் விஷம் வைத்துக் கொல்வதும் குற்றம்.

அந்தியில் கோழிகளை எண்ணி அடைத்து, காலையில் மறுபடி எண்ணித் திறந்துவிட்டால், போனது பகலிலா இரவிலா என்பதாவது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.