திருவாசக இசையும் நம் பாடகர் குழுவும்



இசைஞானி இளையராஜாவின் 'திருவாசகம்' இசைப்படைப்பு 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. மாணிக்கவாசகரின் ஆறு பாடற்பகுதிகளுக்கு ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு இசைத்தது. வெளியிட்டது, அருட்பணி. ஜெகத் கஸ்பர் ராஜ் அவர்களின் தமிழ் மையம். நம் செஞ்சிக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையில்தான் மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடினார் என்பது சைவ மரபு. ஆகவே இது நம் அயலாரின் செபநூல்.

கேட்ட பலர் உள்ளம் உருகினார்கள். விமர்சகர்களோ குறைகளையும் சுட்டினார்கள்.

முதலாவது, இது சிம்பொனியே அல்ல என்றார்கள். இது நியாயமே. சிம்பொனி பெரும்பாலும் வாத்தியங்களுக்கான நெடிய படைப்பு. தனிக்குரலும் பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து சமயப் பொருளைப் பாடுவது 'ஆரட்டோரியோ'. 16-ஆம் நூற்றாண்டில் ரோமையில் புனித பிலிப்பு நேரி மக்களைக் கூட்டிப் பாடிச் செபித்த செபக்கூடமே அப்பெயருக்குக் காரணம்.

இரண்டாவது, சைவத் திருமுறையில் கத்தோலிக்கக் குருவுக்கு என்ன வேலை என்று சிலர் ஐயுற்றார்கள். ஆங்கிலிக்கன் குருவான ஜி.யு. போப் 1900-இலேயே திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தார். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. ஆயினும், அடுத்தவர் புனிதமாகப் போற்றுவதைத் தொடும்போது மரியாதை வேண்டும் என்பதை இந்த ஐயம் நினைவூட்டுகிறது.

மூன்றாவது குறைதான் நம்மை நேரடியாகத் தொடுகிறது. ஓதுவார்கள் பண்ணோடு பாடும்போது சொல் முன்னே நிற்கும், இசை அதைத் தாங்கிச் செல்லும். இத்தனை வாத்தியங்களுக்கு நடுவே அந்தச் சொல் என்ன ஆகும் என்று கேட்டார்கள். உருகிய பலரோ, அந்த இசை வழியாகத்தான் சொல்லே தங்கள் நெஞ்சைத் தொட்டது என்றார்கள். இரு சாராரும் தேடியது ஒன்றையே: பாட்டு செபமாக இருக்கிறதா?

இதே கேள்வி நம் ஞாயிறு திருப்பலிக்கும் உண்டு. கீபோர்டும் ஒலிபெருக்கியும் ஓங்கி ஒலிக்க, மக்கள் வாய்மூடி நிற்கும் ஆலயங்கள் எத்தனை! அந்தந்த மண்ணின் இசைக்கு உரிய இடம் தரச் சொன்ன 1963-ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சாசனம், மக்கள் பங்கேற்றுப் பாடவும் வலியுறுத்துகிறது. உள்ளத்தோடும் அறிவோடும் பாட வேண்டும் என்கிறார் புனித பவுல்.

பாடகர் குழுவினரே, வரும் ஞாயிறு ஒரு பாடலையாவது வாத்தியத்தைத் தாழ்த்திப் பாடுங்கள். கடைசி வரிசையில் நிற்கும் பாட்டியின் குரல் உங்கள் காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். இறைவன் உங்கள் பணியை ஆசீர்வதிப்பாராக!