வாக்கால் அளக்கலாமோ வித்தையை?

நடன அரங்கில் இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இழைத்து ஒலிக்கச் செய்யும் ‘டீஜே’ கலைஞருள் தலைசிறந்தவர் எவர்? ‘டீஜே மேக்’ என்னும் இங்கிலாந்துச் சஞ்சிகை ஆண்டுதோறும் மக்களிடம் வாக்குக் கேட்கின்றது. 1997இல் கார்ல் கொக்ஸ் முதலிடம் பெற்றார், வல்லவர்தாம். ஆயினும், வாக்களித்தோருள் எத்தனை பேர் ஏனையோரையும் செவிமடுத்திருப்பர்?

இலங்கை வானொலியில் 1952இல் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’வும் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் கழகங்களின் விருப்பத்தையும் கொண்டே இந்திப் பாடல்களை வரிசைப்படுத்தியது. எத்தனை விற்றது என்பது ஒரு செய்தி. பாடியவர் திறம் வேறு செய்தி.

நம் வன்னியின் முல்லைத்தீவுக் கோவலன் கூத்துக்கு வாக்குச்சீட்டு ஏது? பாட்டெல்லாம் மனப்பாடமான ஆச்சிமார் விடியுமட்டும் முன்னே அமர்ந்திருப்பர். தாளம் ஓரிடத்திற் பிசகினாற் போதும். அண்ணாவியார் திரும்பிப் பார்க்குமுன் ஆச்சியின் புருவம் உயர்ந்துவிடும்!