வறட்சியும் வெள்ளமும் ஒரே காற்றின் வேலை

2015 ஏப்ரல் 1 அன்று, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனி அளக்கும் இடத்தில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெறும் புல்தரையில் நின்றார். வழக்கமாக 5 அடிக்கு மேல் பனி கிடக்கும் இடம் அது. மாநிலம் முழுவதற்கும் கணக்கிட்டால், பனியில் இருந்த நீர் சராசரியில் 5 சதவீதம்தான். இரண்டே ஆண்டில், 2017 பிப்ரவரியில், அதே மலைத்தொடரிலிருந்து பெருகிய வெள்ளம் ஓரோவில் அணையின் கலிங்கை அரித்தது. சுமார் 1,88,000 பேரை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். இவை எதிரெதிரான இரு பேரிடர்கள் போலத் தெரிந்தாலும், குளிர்காலத்தில் காற்று எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதே இரண்டையும் தீர்மானித்தது.

கலிபோர்னியாவில் ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடும். பசிபிக்கின் மேல், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் புயல்களைக் கரைக்கு நடத்தி வருகிறது. கரைக்கு அப்பால் உயரழுத்தம் நிலைகொண்டால் அந்தக் காற்றோட்டம் வடக்கே அலாஸ்கா பக்கம் வளைந்துவிடும். 2013-14இல் மாதக்கணக்கில் நடந்தது அதுதான். உயரழுத்தம் விலகினால் தடம் தெற்கே இறங்கும். அப்போது, சில நூறு கிலோமீட்டர் அகலமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமும் கொண்ட நீராவிப் பட்டைகள், அதாவது ‘வளிமண்டல ஆறுகள்’, மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டும். இப்படிப்பட்ட சில புயல்கள் வராமல் போனாலே அந்த ஆண்டு வறட்சிதான். கூடுதலாகச் சில வந்தால் வெள்ளம்.

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் மழை, குளிரும் லா நினா வந்தால் வறட்சி என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். 2015-16இல் எல் நினோ மிக வலுவாக இருந்தும் தெற்குக் கலிபோர்னியா காய்ந்தே கிடந்தது. அடுத்த ஆண்டு வலுவற்ற லா நினா. ஆனால் வடக்கில் மழை வரலாறு காணாத அளவுக்குப் பெய்தது. கடலின் வெப்பம் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். அந்தந்த வாரத்தின் தடத்தை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புவி வெப்பமாதலே காரணம் என்பாரும் உண்டு. வெப்பம் மண்ணை உலர்த்துகிறது, பனியை மழையாக்குகிறது, புயலுக்குக் கூடுதல் நீராவி தருகிறது. விளைவுகள் கடுமையாவது அதனால்தான். ஆனால் புயல் வருமா, விலகுமா என்பதை உடனடியாக முடிவு செய்வது காற்றின் தடமே.

ஆகவே அணைகளை நாட்காட்டியை மட்டும் பார்த்து இயக்குவது போதாது. வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்று குறித்த தேதியில் நீரைத் திறந்துவிட்டு, பிறகு புயலே வராமல் போனால், அந்த நீர் போனது போனதுதான். கலிபோர்னியாவின் மெண்டோசினோ ஏரி நீர்த்தேக்கத்தில், வரப்போகும் வளிமண்டல ஆறுகளின் முன்னறிவிப்பைப் பார்த்து நீரைத் தேக்கவும் திறக்கவும் செய்த சோதனை, வறண்ட 2020இல் கூடுதல் நீரைக் காத்துத் தந்தது. முன்னறிவிப்பு தவறலாம் என்பது உண்மை. அதனால்தான் அங்கே பாதுகாப்பு வரம்புக்குள் நின்றே முடிவெடுத்தார்கள். வறட்சிக்கு ஒரு திட்டம், வெள்ளத்துக்கு வேறொரு திட்டம் என்று பிரித்து வைப்பதை விட்டு, இரண்டையும் கொண்டுவரும் காற்றைக் கண்காணிப்பதில் செலவிடுவதே அறிவுடைமை.