காலி டப்பாவில் காத்திருக்கும் எமன்

காய்ச்சலுக்குக் குடிப்பதை 'மருந்து' என்கிறோம். பருத்திச் செடிக்கு அடிப்பதையும் 'மருந்து' என்றே சொல்லுகிறோம். பெயர் ஒன்றுதான். ஆனால் முன்னது உயிரைக் காப்பாற்றும். பின்னது உயிரைக் குடித்துவிடும்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்குள்ள கரிசல் காட்டில் பருத்தி விளைகிறது. பருத்திக்குப் பூச்சிகள் பரம எதிரி.

காய்ப்புழுவைத் தடுப்பதற்காக, மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002-ம் ஆண்டு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆனால், சாறு உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி போன்றவற்றை அது தடுப்பதில்லை. ஆகவே, மருந்து தெளிப்பது நின்றுவிடவில்லை.

மருந்து தீர்ந்ததும் டப்பா மிஞ்சுகிறது. கெட்டியான டப்பா! எறிந்துவிட மனம் வருமா? "கழுவி வைத்தால் எண்ணெய் வாங்க ஆகுமே" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

23 குழந்தைகள் பலி

பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் கண்டாமன் என்று ஒரு கிராமம். 2013-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். 23 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

சமையல் எண்ணெயைச் சோதித்தார்கள். அதில் 'மோனோகுரோட்டோபாஸ்' என்ற பூச்சிமருந்து இருந்தது. பருத்திக்கு அடிக்கப்பட்டு வந்த மருந்துதான் அது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கலாம் என்று அதிகாரிகள் கருதினார்கள்.

கப்பலில் வந்த விஷம்

இதற்கு முன்பும் இப்படி நடந்தது உண்டு. 1958-ம் ஆண்டு, கேரளத்துக்கு வந்த ஒரு கப்பலில் கோதுமை மாவும் 'பாலிடால்' மருந்தும் சேர்ந்து வந்தன. மருந்து கசிந்து மாவில் கலந்தது. விற்றவருக்கும் தெரியாது; தின்றவருக்கும் தெரியாது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகே, 1968-ம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டம் வந்தது.

என்ன செய்ய வேண்டும்?

மருந்து டப்பாவில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் உள்ள நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே போகும். பச்சை என்றாலும் விஷம் விஷந்தான்!

காலி டப்பாவை மும்முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டு நசுக்கி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் புதையுங்கள். கண்மாயில் எறியாதீர்கள்.

மருந்து உடம்பில் பட்டால், துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். வயிற்றுக்குள் போய்விட்டால் கைவைத்தியம் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மாற்று மருந்தின் பெயர் அதில் அச்சிட்டிருக்கும்.

தாய்மார்களே! உங்கள் அடுப்பங்கரையில் உள்ள எண்ணெய் டப்பாவை இன்றே எடுத்துப் பாருங்கள். முன்பு அதில் என்ன இருந்தது? தெரியவில்லை என்றால், டப்பாவோடு எண்ணெயும் போகட்டும். பிள்ளையைவிட எண்ணெய் பெரிதல்ல.