கைபேசி இணையமும் கட்டணக் கணக்கும்

கூலியை நாள் கணக்கில் பெறுவதற்கும் நெய்த அளவிற்குப் பெறுவதற்குமுள்ள வேற்றுமையை நெசவாளர் நன்கறிவர். கைபேசியில் இணையம் புகுந்தபோது அதன் போக்கை நிர்ணயித்ததில் இத்தகைய கணக்கிற்கும் பெரும் பங்குண்டு என்பது நம் கருத்து.

1999-இன் இறுதியில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய ‘வாப்’ சேவைக்கு முதலில் நிமிடக் கணக்கில் கட்டணம். பக்கம் ஊர்ந்து வந்து சேருமுன் காசு ஏறிவிடும். மக்கள் சலிப்புற்றதில் வியப்பென்ன?

அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ஜப்பானில் டோகோமோ தொடங்கிய ‘ஐ-மோட்’ சேவையும் வேகத்தில் மேலானதன்று. ஆயினும் செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, 128 பைட் கொண்ட பொட்டலம் ஒன்றுக்கு 0.3 யென் என விதித்தனர். காத்திருந்த நேரத்திற்குக் காசில்லை. மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் கைக்குள் வந்தன.

இதிலும் இடர் உண்டென்பதை நாம் மறைக்கலாகாது. படங்கள் பெருகவே பொட்டலங்களும் பெருகின; கட்டணச் சீட்டைக் கண்டு திகைத்தோர் அதனைப் ‘பொட்டலச் சாவு’ என்றே அழைத்தனர். மாதம் ஒரே தொகை என்னும் ஏற்பாட்டை டோகோமோ 2004-இல்தான், அதுவும் மூன்றாம் தலைமுறைக் கைபேசிகளுக்கு மட்டும், அளித்தது.