ஆயுள் கூடிடுச்சு... ஆனா நல்லா இருக்கோமா? புதுக்கோட்டையில் தொடங்கும் ஒரு கணக்கு

“எங்க தாத்தா மாத்திரையைக் கண்ணால பார்த்ததில்ல. 90 வயசுலயும் வயல்ல இறங்கி வேலை பார்த்தாரு. இப்ப 50 வயசுலயே எல்லாரும் மருந்துப் பையோட அலையுறோம்.” ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். நவீன மருத்துவம் ஆயுளைக் கூட்டியது, ஆனால் வாழ்க்கையின் தரத்தைக் குறைத்துவிட்டது என்பதே இதன் சாரம். இது உண்மையா?

அந்தக் காலம் எப்படி இருந்தது?

நாட்டின் முன்னோடிப் பெண் மருத்துவர்களில் ஒருவரான முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடம்தான். எல்லோரும் 25 வயதில் கிழவராகிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி ஐந்து வயதைத் தாண்டவில்லை. பிழைத்தவர்களையும் காலரா, பெரியம்மை, மலேரியா துரத்தின. பிரசவத்தில் இறந்த பெண்கள் ஏராளம்.

90 வயதில் வயலில் இறங்கிய தாத்தா நிஜம்தான். ஆனால் மூன்று வயதில் போய்ச் சேர்ந்த அவருடைய அண்ணன், தம்பிகளைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. தப்பித்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்தக் காலமும் பொற்காலமாகத்தான் தெரியும்.

முத்துலட்சுமியின் வாழ்க்கையிலேயே இந்த மாற்றம் தெரிகிறது. 1912-ல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றபோது பெரிய எதிரி தொற்றுநோய். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மக்கள் அதிக நாள் வாழத் தொடங்கியதும் எதிரியும் மாறியது. அவர் 1968-ல் மறைந்தபோது, 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள்தான் பாக்கி.

கூடிய வருடங்கள் நல்ல வருடங்களா?

இதை அளக்க உலக சுகாதார நிறுவனம் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று சராசரி ஆயுள். இன்னொன்று, அதில் எத்தனை வருடம் ஆரோக்கியமாக இருப்போம் என்ற மதிப்பீடு.

2000-ல் இந்தியாவின் சராசரி ஆயுள் 62.1. ஆரோக்கிய ஆயுள் 53.5. கொரோனா அடித்த 2021-ல் கூட இவை 67.3, 58.1 என இருந்தன. அதாவது ஆயுள் 5.2 வருடம் கூடியது. அதில் 4.6 வருடம் ஆரோக்கியமானது. கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு 10 மாதத்திலும் கிட்டத்தட்ட 9 மாதம் நல்ல மாதம்தான்.

ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளி 8.6-ல் இருந்து 9.2 வருடமாக விரிந்திருக்கிறது. உலகம் முழுக்க இதே கதைதான். 183 நாடுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, உலக சராசரி இடைவெளி 9.6 வருடம் என்கிறது. மருத்துவத்துக்குப் பணத்தைக் கொட்டும் அமெரிக்காவில்தான் அது மிக அதிகம்: 12.4 வருடம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த இடைவெளி பெரிது.

கடைசி 9 வருடமும் படுத்த படுக்கை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 30 வயது மைக்ரேன், 40 வயது முதுகுவலி, மனச்சோர்வு, முதுமையின் நோய்கள் என வாழ்நாள் முழுவதும் ஆரோக்கியம் குறைந்த காலத்தை எடைபோட்டுக் கூட்டிய எண் அது.

இடைவெளி ஏன் விரிகிறது?

மருத்துவம் மரணத்தைத் தள்ளிப்போட்ட வேகத்துக்கு நோயைத் தள்ளிப்போடவில்லை. உதாரணமாக, பக்கவாதம். ஒரு காலத்தில் உயிரைப் பறித்த தாக்குதலில் இருந்து இன்று பலர் பிழைக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் கை, கால் செயலிழப்பையும் குறைக்க முடியும். “தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிடும்” என்று காத்திருந்துவிட்டு வந்தால், உயிர் மிஞ்சினாலும் நடை போய்விடலாம். அதன்பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி தேவை. உயிரைக் காக்கும் சிகிச்சைக்குக் கிடைக்கும் பணமும் கவனமும் அதற்குக் கிடைப்பதில்லை.

சர்க்கரையும் பிபியும் இன்னும் அமைதியானவை. வலிக்காது. பத்துப் பதினைந்து வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் கண், சிறுநீரகம், கால் என்று வந்து நிற்கும். டயாலிசிஸ் உயிரைக் காக்கிறது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் வாரத்தில் இரண்டு, மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் அதற்கே போகும். கடலோர மணமேல்குடியில் இருந்து பஸ் ஏறி வருபவருக்கு முழு நாளே போய்விடும், துணைக்கு வருபவருக்கும்தான்.

இங்கே குறை வைத்தது டயாலிசிஸ் இயந்திரம் இல்லை. அதற்கு முந்தைய பதினைந்து வருடத்தில் நடக்காத பரிசோதனைகள்.

இதைச் சரிசெய்யும் முயற்சிதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பிபி, சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வருகின்றன. ஐசியூவைப் போலத் தலைப்புச் செய்தியாகாத இந்த வேலைதான் இடைவெளியைக் குறைக்கும்.

‘தரம்’ என்பதை யார் முடிவு செய்வது?

மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி.வெங்கடசாமிக்கு இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்தக் கைகளாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் பேருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்தார். புள்ளிவிவரக் கணக்கில் அவருடைய பல வருடங்கள் ‘ஆரோக்கியம் குறைந்தவை’. அவரிடம் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

வெளியில் இருப்பவர்கள் ஒருவருடைய வாழ்க்கைக்கு மார்க் போடுவதில் ஆபத்தும் இருக்கிறது. விருதுநகர் உள்ளிட்ட தென் மாவட்டங்களில் பேசப்பட்ட ‘தலைக்கூத்தல்’, முதியவர்களைக் குடும்பத்தினரே சாகடிக்கும் கொடுமை. தேசிய விருது பெற்ற ‘பாரம்’ படம் அதைத்தான் பேசியது. “கஷ்டப்படாம போகட்டும்” என்று சொல்வது சம்பந்தப்பட்டவரா, அவரைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்களா? இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

கடைசி நாட்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

மீள வாய்ப்பில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற, உயிரை நீட்டிக்க மட்டும் உதவும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அங்கீகரித்தது. ‘லிவிங் வில்’ எனப்படும் இந்த ஆவணத்தின் நடைமுறை 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது.

18 வயது நிரம்பிய, தெளிவான மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலைமை வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பிறகே ஆவணம் செயலுக்கு வரும். இது ஊசி போட்டு உயிரை எடுப்பதல்ல. வலியைத் தணிக்கும் சிகிச்சை தொடரும்.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 ஆகும் என்று கணிக்கப்பட்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், வளைகுடா என்று போய்விட, ஊரில் அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. ஆஸ்பத்திரியில் இருந்து நள்ளிரவில் போன் வரும்போது, “என்ன செலவானாலும் பரவாயில்ல, காப்பாத்துங்க” என்ற ஒரே வாக்கியம்தான் பலருக்கும் வாயில் வரும். பெற்றவர்களின் விருப்பம் என்னவென்று கேட்டே இருக்க மாட்டோம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். “பிபி, சுகர் கடைசியா எப்பப் பார்த்தீங்க?” “எதைச் செய்ய முடியாமப் போனா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்?” “உடம்பு ரொம்ப முடியாமப் போனா எதுவரைக்கும் வைத்தியம் பார்க்கணும், யார் முடிவெடுக்கணும்?” முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால், மறுநாள் காலையிலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்விடலாம். 30 வயதைத் தாண்டியிருந்தால், அங்கேயே உங்கள் பிபியையும் பார்த்துவிடுங்கள்.